உரைகல்லில் விசுவாசம்

தான் நம்புவது உண்மை என்று ஒரு கிறிஸ்தவருக்கு எப்படித் தெரியும்? பூமிக்கடியில் தங்கம் தேடிய கோலார் தங்கவயல், நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு வாழ்ந்துவருகிறது.

1883இல் மைசூர் மைன்ஸ் ஏறக்குறைய கைவிடப்பட்ட சுரங்கம். லண்டனில் பங்கு வாங்கியவர்களின் பணம் கரைந்துபோயிருந்தது. தங்கம் வந்தபாடில்லை. மிச்சமிருக்கும் சொற்பப் பணத்தையாவது பிரித்துக்கொண்டு கம்பெனியை இழுத்து மூடிவிடலாம் என்றார்கள் பங்குதாரர்கள். நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம்தான் இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று வாதாடி அவர்களை இணங்கவைத்தது. சுரங்கத்தைக் கவனித்துவந்த கேப்டன் பிளம்மர், பழங்காலத்து மக்கள் தோண்டிக் கைவிட்ட குழிகளைத் தடம் பிடித்து அவற்றுக்கும் கீழே போனார். அங்கே தட்டுப்பட்டது, பின்னாளில் 'சாம்பியன் லோட்' என்று பெயர் பெற்ற தங்கப் பாறை வரி. அதற்குப் பிறகு மூடப்படும்வரை கோலார் தங்கவயல் தந்த தங்கம் சுமார் 800 டன்.

மிச்சப் பணத்தையும் மண்ணில் போடச் சம்மதித்த அந்த முடிவை என்னவென்று சொல்வது? கீழே தங்கம் இருப்பதற்கு நிரூபணம் எதுவும் அப்போது கிடையாது. ஆனாலும் அது குருட்டு நம்பிக்கையும் அல்ல. பழைய குழிகள் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த அடையாளத்தை நம்பி, முழு உண்மை தெரியுமுன்பே கையிலிருந்ததைப் பணயம் வைத்தார்கள். தோற்றிருந்தால் முட்டாள்கள் என்று பெயர் வாங்கியிருப்பார்கள்.

தெரிந்துகொள்வதற்கும் நம்புவதற்கும் இடையே உள்ள இந்த நிலத்தில்தான் எல்லா மதங்களும் நிற்கின்றன. கிறிஸ்தவம் சற்று அதிகமாகவே நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட ஊரில், ரோமானிய ஆளுநர் ஒருவரின் ஆட்சியில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்தின் மேல் அது தன் முழு எடையையும் வைத்திருக்கிறது. சம்பவம் என்றால் உடனே சாட்சி கேட்பார்கள்.

அடுத்த வீட்டுக்காரரின் கேள்வி

தங்கவயலில் அப்படிக் கேட்க ஆள் பஞ்சமே இருந்ததில்லை. வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்து சுரங்க 'லைன்' வீடுகளில் குடியேறியவர்களில் பெரும்பாலானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கிராமத்தில் இருந்த சாமியை மட்டுமே கும்பிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இங்கே தளர்ந்தது. கத்தோலிக்கர், லுத்தரன்கள், மெதடிஸ்டுகள், பின்னர் பெந்தேகோஸ்தே சபையார் என்று கிறிஸ்தவத்துக்குள்ளேயே பல கோயில்கள் எழுந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே மாரியம்மனும் முருகனும் இருந்தார்கள். போதாக்குறைக்குப் பௌத்தரும் வந்தார்கள்.

1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதரின் இயக்கத்துக்குச் சென்னைக்கு அடுத்தபடியாக வலுவான கோட்டை, மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃப்ஸும்தான். அவரது நூல்களை வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலை இந்த ஊருடையது. 1914இல் அவர் மறைந்த பின் நின்றுபோன 'தமிழன்' பத்திரிகையை 1926இல் ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தியதும் இங்கிருந்துதான். பிறகு சுயமரியாதைக்காரர்கள் வந்தார்கள். கம்யூனிஸ்டுகள் வந்தார்கள். ஒரே லைனில் ஒருவர் ஜெபம் செய்ய, மற்றவர் பஞ்சசீலம் சொல்ல, மூன்றாமவர் இரண்டுமே வேண்டாம் என்பார்.

பௌத்தர்களிடம் கூர்மையான ஆயுதம் ஒன்று இருந்தது. ஊரார் சொல்வதாலோ, நூலில் எழுதியிருப்பதாலோ, குரு சொன்னதாலோ எதையும் ஏற்காதே, நீயே சோதித்து, நன்மை விளையக் கண்டால் ஏற்றுக்கொள் என்பது காலாமர்களுக்குப் புத்தர் சொன்னதாக வரும் போதனையின் சாரம். 'வேதத்தில் எழுதியிருக்கிறது' என்ற பதில் இவர்கள் முன் செல்லாக்காசு.

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. 'எப்படி அறிவாய்?' என்பதற்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர் அளவை. மணிமேகலையில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் கதாநாயகி போய்க் கேட்கும்போது, வைதிக அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். பின்னர் அறவண அடிகள் பௌத்தம் ஏற்பவை காட்சி, கருத்து இரண்டுமே என்கிறார். சைவ சித்தாந்தம் மூன்றாவதாக உரையையும், அதாவது ஆப்த வாக்கியத்தையும் சேர்க்கிறது. கடவுளைப் பற்றிப் பேசுமுன் 'உன் அளவை எது?' என்று கேட்பது இந்த மண்ணின் பழக்கம்.

ஒரே சொல், இரு பொருள்

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சொல்லிலேயே சண்டை. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் பவுல் சொல்லும் மூன்று பெரும் குணங்களில் முதலாவது விசுவாசம், இரண்டாவது நம்பிக்கை. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் முதலாவது நம்பிக்கை, இரண்டாவது எதிர்நோக்கு. ஆகவே ஒரே தெருவில் ஒரு வீட்டில் 'நம்பிக்கை' என்றால் இறைவனைப் பற்றிக்கொள்வது. அடுத்த வீட்டில் அதே சொல்லுக்கு வரப்போவதை எதிர்பார்த்திருப்பது என்று பொருள்.

மொழிபெயர்ப்பாளர்களின் தகராறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 'விசுவாசம்' என்ற சொல்லில் விசுவாசமான வேலைக்காரனும் இருக்கிறான். நம்பிக்கைக்குப் பாத்திரமாக இருத்தல், சொன்ன சொல் தவறாமை எல்லாம் அதில் அடக்கம். ஒரு கருத்தைச் சரியென்று ஒப்புக்கொள்வது வேறு, ஓர் ஆளை நம்பிப் பின்னால் போவது வேறு. கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளி, மேலே வைண்டிங் என்ஜின் ஓட்டுபவரைக் கண்ணால் பார்ப்பதில்லை. மணியோசைதான் இருவருக்கும் இடையே பேச்சு. என்ஜினைப் பற்றிய விவரமெல்லாம் தெரிந்திருந்தும் ஏறத் துணியாதவனுக்கு விசுவாசம் இல்லை. ஒன்றும் தெரியாமல் ஏறினவனுக்கு அது உண்டு. கிறிஸ்தவம் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஆனால் வடம் அறுந்தால் என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நான்கு அளவைகள்

வடம் நல்லதுதானா என்று எப்படிப் பார்ப்பது? இதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் நம் மரபின் மொழியிலேயே பதில் தேடினார். பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமி, 1950 முதல் 1959 வரை கோயம்புத்தூர் பேராயராக இருந்தவர். சைவக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர் அவருடைய தந்தை. 1927இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதிய அப்பாசாமி, 1971இல் வெளிவந்த நூலில் கிறிஸ்தவப் பிரமாணங்கள் எவை என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அவர் சொன்னவை நான்கு: சுருதி, யுக்தி, அனுபவம், சபை. அதாவது வேதம், பகுத்தறிவு, சொந்த அனுபவம், விசுவாசிகளின் கூட்டு வாழ்வு.

தனித்தனியாகப் பார்த்தால் நான்கிலும் ஓட்டை உண்டு. ஒரே வேதத்தைப் படித்துத்தான் நூற்றுக்கணக்கான சபைகள் பிரிந்தன. பகுத்தறிவு கடவுளின் வாசல்வரை கொண்டுபோய் விடலாம், உள்ளே யார் இருக்கிறார் என்று அதனால் சொல்ல முடியாது. அனுபவம் கண்டவருக்கு மட்டுமே சொந்தம். சபையின் மரபோ சில இடங்களில் சரித்திரத்துக்கு எட்டாமல் நிற்கிறது. அப்போஸ்தலர் தோமா கி.பி. 52இல் இந்தியா வந்து மயிலாப்பூரில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது உறுதியான மரபு. கல்வெட்டு போன்ற நேர்ச் சான்று அதற்கு இல்லை. இதில் ஒரு வேடிக்கை: காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்தவர்தான் தோமா. தமிழ்நாட்டுக்கு வாய்த்த அப்போஸ்தலர் சந்தேகப்பட்டவர்!

அனுபவத்தின் பலமும் பலவீனமும் சாது சுந்தர் சிங்கின் வாழ்வில் அப்பட்டமாகத் தெரியும். பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவர், 1904 டிசம்பரில் கிறிஸ்துவைத் தரிசித்ததாகச் சொன்னார். அடுத்த ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். ஐரோப்பா அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. 1920களில் அதே ஐரோப்பாவில் அவர் சொன்ன அற்புதங்கள் நிஜமா, பொய்யா என்று பெரும் விவாதம் மூண்டது. உளவியல் அறிந்த பாதிரியார் ஆஸ்கர் ஃபிஸ்டர் சந்தேகித்தார், மத வரலாற்றறிஞர் ஃப்ரெடெரிக் ஹைலர் ஆதரித்தார். 1929இல் திபெத்துக்குக் கிளம்பிய சாது திரும்பவே இல்லை. அவரைப் பற்றி 1921இல் பி.எச். ஸ்ட்ரீட்டருடன் சேர்ந்து நூல் எழுதிய அப்பாசாமி, அனுபவத்தை ஒதுக்கவில்லை. நான்கில் ஒன்றாக வைத்தார். தனியாக ஒரு கண்டத்தின் எடையைத் தாங்கும்படி அதை விடவில்லை.

கார்டினல் நியூமன் இதற்கு ஓர் உவமை சொன்னார்: வடம். ஒவ்வொரு இழையும் தனியே அறுந்துவிடும், முறுக்கிச் சேர்த்தால் இரும்புக் கம்பிக்கு நிகராகத் தாங்கும். எஃகு வடத்தை நம்பி வாழ்ந்த ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நிச்சயம் யாருக்கு?

'நான் இரட்சிக்கப்பட்டேனா?' என்பதில் சபைகள் முட்டிக்கொண்ட கதை தனி. தேவனுடைய வாக்கை நம்பு, நிச்சயம் தானே வரும் என்றார் லூதர். 1547இல் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம், தான் கடவுளின் அருளைப் பெற்றுவிட்டதாகத் தவறவே முடியாத உறுதியோடு யாராலும் அறிய முடியாது என்று பதில் சொன்னது. மெதடிஸ்டுகளின் தந்தையான ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டமொன்றில் உள்ளம் இளகி நிச்சயம் பிறந்தது. ஆனால் அவரே 1766இல் தம்பி சார்லசுக்கு எழுதிய கடிதத்தில் தன் விசுவாசத்தைப் பற்றிக் கசப்பான சந்தேகங்களைக் கொட்டியிருக்கிறார். பிரசங்கத்தை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இன்னும் பெரிய சாட்சி இருக்கிறது. கல்கத்தாவில் 1950இல் தமது சபையைத் தொடங்கிய அன்னை தெரசா, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் உள்ளுக்குள் இருளையும் கடவுள் இல்லாத வெறுமையையும் உணர்ந்தார் என்பது அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 2007இல் வெளியான கடிதங்களில்தான் உலகுக்குத் தெரிந்தது. 'வேஷம் போட்டிருக்கிறார்' என்றார்கள் சிலர். 2016இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. விசுவாசம் என்பது எந்நேரமும் நிச்சயமாக உணர்வது என்று பொருள் கொண்டால் அவருக்கு அது இல்லை. ஒளி தெரியாதபோதும் சொன்ன சொல்லைக் காப்பது என்று பொருள் கொண்டால் அவரைவிட அதிகம் உடையவர் யார்?

பாறைக்குள் ஒரு பாடம்

சோதித்து அறிவது எப்படி என்பதற்கும் தங்கவயல் உலகுக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. நியூட்ரினோ என்ற துகள் இருக்க வேண்டும் என்று வுல்ஃப்காங் பவுலி 1930இல் ஊகித்தார். எதிலும் ஒட்டாமல் பூமியையே துளைத்துப் போகும் அது, அகப்பட 26 ஆண்டுகள் பிடித்தன. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் ஆகியவற்றுடன் சேர்ந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்துக் காத்திருந்தார்கள். காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயம் 1965இல் கிடைத்தது. ஏறக்குறைய அதே வேளையில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாததை நம்பியவர்கள் ஜெயித்தார்கள்.

கதையின் அடுத்த பாகமும் முக்கியமானது. 1980களில் அதே சுரங்கத்தில் 140 டன் எடையுள்ள கருவி, புரோட்டான் சிதைகிறதா என்று தேடியது. சிதைந்தது போலத் தோன்றும் சில சம்பவங்கள் பதிவாகின. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த பெரிய கருவிகளுக்கு அப்படி எதுவும் தென்படவில்லை. இன்றுவரை புரோட்டான் சிதைவதை யாரும் நிலைநாட்டவில்லை. முதல் முறை நம்பிக்கை பலித்தது, அடுத்த முறை பலிக்கவில்லை. இரண்டையும் தீர்மானித்தது, நம்பியவரின் ஆர்வத்துக்கு வெளியே இருந்த ஒரு சோதனை.

கடவுளை இப்படிக் கருவி வைத்துப் பிடிக்க முடியாது. கடவுளைச் சோதிக்காதே என்கிறது வேதமே. ஆனால் கடவுள் பெயரால் பேசுகிற மனிதரைச் சோதிக்க வேண்டாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆவிகளைச் சோதித்தறியச் சொல்கிறது, கள்ளத் தீர்க்கதரிசிகளைக் கனிகளால் அறியச் சொல்கிறது. பேதுருவின் முதல் நிருபம் விசுவாசத்தை நெருப்பில் புடமிட்ட பொன்னோடு ஒப்பிடுகிறது. சோதனைக்குப் பயப்படுகிற தங்கம் பித்தளை என்பது தங்கவயல்காரர்களுக்குத் தெரியாததா?

சுவர் எழுந்த கோயில்

கனிகளைப் பார்க்கும் சோதனையில் கிறிஸ்தவம் தேறிய இடமும் உண்டு, தவறிய இடமும் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில் 19ஆம் நூற்றாண்டில் சாதிக்கொரு பகுதியாக, நடுவில் சுவரோடு கட்டப்பட்டது. இரண்டு பக்கமும் ஒரே விசுவாசப் பிரமாணம், ஒரே நற்கருணை. கோட்பாட்டில் யாருக்கும் துளி சந்தேகம் கிடையாது. 1910இல் சுவர் இடிக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்தார்கள். சாதிக்குத் தனி உரிமை கேட்டதைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

கிறிஸ்தவத்துக்குள்ளும் சாதி தொடர்வதை அயோத்திதாசர் விடாமல் குத்திக்காட்டியது இதனால்தான். தங்கவயலில் கிறிஸ்தவரானவரும் பௌத்தரானவரும் பெரும்பாலும் ஒரே கிராமங்களிலிருந்து, ஒரே அவமானத்திலிருந்து தப்பி வந்தவர்கள். 'எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள்' என்ற போதனை மெய்யா, பொய்யா என்பதை அவர்கள் தர்க்கத்தால் தீர்மானிக்கவில்லை. பந்தியில் யார் பக்கத்தில் உட்கார விடுகிறார்கள், பெண் கொடுக்கிறார்களா, கல்லறையில் இடம் எங்கே என்று பார்த்தார்கள். அப்பாசாமியின் நான்காவது அளவையான சபை இங்கே சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. சபை பொய் சொன்னால் மற்ற மூன்று அளவைகளும் சேர்ந்தாலும் கேட்கிறவருக்குப் போதாது.

மூடிய சுரங்கமும் திறந்த வாயும்

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டது. அதற்குப் பிறகு இந்த ஊருக்கு வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. மீண்டும் திறப்போம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது சொல்கிறார்கள். 13 கழிவு மண்மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அரசு ஒப்புதல் தந்தது. இடையில் ஒரு தலைமுறை, மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூரில் வேலை பார்த்து இருட்டிய பின் வீடு திரும்பப் பழகிவிட்டது.

வேலையும் உறுதியும் ஒருசேரப் போன ஊரில், நிச்சயத்தை விற்பவர்களுக்கு நல்ல வியாபாரம் நடக்கும். இது தங்கவயலுக்கு மட்டும் உரியதல்ல. இன்ன தேதிக்குள் கடன் தீரும், இன்ன காணிக்கைக்கு இன்ன ஆசீர்வாதம், மாத்திரையை நிறுத்து, விசுவாசித்தால் போதும் என்று மேடையிலும் தொலைக்காட்சியிலும் முழங்குகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. சொன்ன தேதி கடந்துபோனால் 'உனக்கு விசுவாசம் போதாது' என்று பழியை நோயாளியின் தலையில் போடுவார்கள். எந்தச் சோதனையிலும் தோற்காதபடி கட்டப்பட்ட வாக்கு அது. சிலிகோசிஸ் நுரையீரலோடு வாழ்ந்த, வாழ்கிற மனிதர்கள் உள்ள ஊரில் இதன் விலை பணம் மட்டுமல்ல, உயிர்.

நெடுங்காலம் யோசித்த கிறிஸ்தவர்கள் வந்து சேர்ந்திருக்கும் இடம் வேறு. வேதத்தை வாசி, ஆனால் அறிவை அடகு வைக்காதே. உன் அனுபவத்தை மதி, ஆனால் அதைச் சபையின் முன் வைத்துப் பார். சபையை நம்பு, ஆனால் அதன் நடுவே சுவர் இருக்கிறதா என்று கவனி. இத்தனைக்குப் பிறகும் முழு நிச்சயம் கைக்கு வராது. வராமலே வாக்கைக் காப்பதற்குத்தான் விசுவாசம் என்று பெயர். பௌத்தரான பக்கத்து வீட்டுக்காரர் இந்தப் பதிலை ஏற்காமல் போகலாம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இது நேர்மையான பதில், கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளாத பதில்.

தங்கவயலில் தோண்டிய பாறையெல்லாம் தங்கமாகிவிடவில்லை. ஒரு டன் பாறையை உடைத்து, பொடித்து, கழுவினால் மிஞ்சியது சில கிராம்கள். மற்றதெல்லாம் வெளியே கொட்டப்பட்டு வெளிறிய மலைகளாக இன்றும் ஊரைச் சுற்றி நிற்கிறது. அந்தச் சில கிராம்களுக்காகத்தான் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினார்கள். இறங்கியவர்கள் யாரும் கொட்டிய மண்ணையும் தங்கம் என்று சாதிக்கவில்லை.